மைனஸ் மீன்கள்

இரவு மூன்று மணி என்றது கைப்பேசி.
ஜூலையில் எங்கள் ஊருக்கு அது வெறும் சொல்.
ஜன்னலில் வெயில்.
ஆற்றங்கரையிலிருந்து ஹால்வர்ட் கூப்பிட்டான்:
"தூருன், உன் பெட்டி சொல்கிறது,
மீன் ஏணியில் இதுவரை ஏறியவை
மைனஸ் முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று இரண்டு.
ஒவ்வொரு மீன் ஏறும்போதும்
கடன் ஒன்று குறைகிறது.
நான் யாருக்குக் கொடுக்க வேண்டும்?"

அவன் பின்னால் தண்ணீர் இரைந்தது.
தண்ணீரைவிட அதிகமாய் மீன்.

பெட்டி நான் செய்தது, ஒன்பது வருடம் முன்பு.
ஆண்டுக்கு நாலாயிரம் சால்மன், மிஞ்சினால் ஐயாயிரம் என்று
மீன்வளத்துறை எழுதித் தந்த தாள்
காபிக் கறையோடு இன்னும் என் இழுப்பறையில் கிடக்கிறது.
பதினாறு பிட் தாராளம் என்றுதான் நினைத்தேன்.
கிழக்கே, வெண்கடல் பக்கம், யாரோ எப்போதோ கொண்டுவந்து விட்ட
கூன்முதுகுச் சால்மன்
ஒற்றைப்படை ஆண்டுகளில் படையெடுத்து வரும் என்பது
அந்தத் தாளுக்குத் தெரியாது.

வண்டி ஓட்டிக்கொண்டே நினைத்தேன்:
காவல் போட்டிருந்தேனே!
கூட்டிய பின் எண் பழையதைவிடச் சிறுத்திருந்தால்
நில், சிவப்பு விளக்கைப் போடு.
ஒரே வரி. என் கையால் எழுதியது.

கொட்டகையில் உட்கார்ந்து
நிரலை இயந்திரக் கட்டளைகளாய்ப் பிரித்துப் பார்த்தேன்.
கூட்டல் இருந்தது. சேமிப்பு இருந்தது.
நடுவில், காவலனை நிறுத்திய இடத்தில்,
தழும்புகூட இல்லை.

கம்பைலர் மேல் வழக்குப் போட முடியாது.
குறியுள்ள எண் வழியாது; வழிந்தால் எனக்குப் பொறுப்பில்லை
என்று மொழி தன் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறது.
வழியாத எண்ணோடு ஒன்றைக் கூட்டினால் அது எப்படிச் சிறுக்கும்?
சிறுக்காததற்கு எதற்குக் காவல்?
வரியைத் தூக்கிவிட்டு
ஆறு பைட் மிச்சம் பிடித்துத் தந்திருக்கிறது,
நல்ல வேலைக்காரன்.

சில்லுக்கோ எல்லாம் தெரியும். அதுதான் உறுத்துகிறது.
ஒவ்வொரு கூட்டலுக்குப் பிறகும் அது
நான்கு கொடிகளைப் பார்த்துக்கொள்கிறது:
சுழியா, எதிர்மமா, மீதி ஒன்று நின்றதா,
வழிந்ததா.
முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று அறுபத்தேழின் மேல்
இன்னொரு மீன் துள்ளி விழுந்தபோது
நான்காவது ஏறியிருக்கிறது. ஏறாமல் இருக்காது.
நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு
ஆளில்லாத மைதானத்தில் பறந்திருக்கிறது.
அடுத்த கட்டளை வந்து
எதையோ எதனோடோ ஒப்பிட்டு
இறக்கிவிட்டுப் போயிருக்கிறது.

தலைக்கு மேல் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்கள்.
இங்கே சாணும் வேண்டியிருக்கவில்லை.
ஒரு மீன்.

எண்ணை முப்பத்திரண்டு பிட்டாக அகலப்படுத்தினேன்.
அதோடு விட மனமில்லை.
மொழியை ஓரமாய் நிற்கச் சொல்லிவிட்டு
சில்லின் பேச்சிலேயே இரண்டு வரி எழுதினேன்:
கூட்டு.
கொடி ஏறியிருந்தால் தாவு.
இடையில் மூச்சுவிடவும் யாருக்கும் இடம் தரவில்லை.

ஹால்வர்ட் ரப்பர் காலணியோடு வாசலில் நின்றான்.
"அப்போ அந்த மீனெல்லாம் தொலைந்ததா?"
இல்லை. பிட்டுகள் சரியாகத்தான் இருக்கின்றன.
உச்சியில் இருந்த ஒன்றை மைனஸ் என்று படித்தது நாம்தான்.
நீ கூப்பிட்டபோது ஏறியிருந்தவை
முப்பத்திரண்டாயிரத்து எண்ணூற்று முப்பத்து நான்கு.

"துறைக்கு அதைச் சொல்" என்றான்.
"வாராந்தர அறிக்கை இரண்டே முக்காலுக்குத் தானாகப் போய்விட்டது.
அவர்கள் படிவம் மைனஸை ஏற்காது.
சுழி என்று மாற்றிக்கொள்ளும்."

ஆறு கொள்ளாமல் மீன் வந்த வாரம்,
தலைநகரத்தில் ஒரு மேசையில்,
ஆறு காலி.

திருத்தக் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.
முதல் வரியே வரவில்லை.
வெளியே ஏணியின் கதவில் ஏதோ முட்டியது.
பெட்டி டிக் என்றது.
இந்த முறை இருவரும்
திரும்பிப் பார்த்தோம்.